ஒரு பிக்கப்புக்கு எட்டு ரயர்

மொன்றியல்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. போன கிழமை வட்ஸ்அப்பில் பேசும்போது, "நாலு சில்லு வாகனத்துக்கு எட்டு ரயர் எதுக்கடா? லொறி வாங்கிட்டியோ?" என்று கேட்டீர்கள். பின்னால் நின்று மாமி, "காசு கூடிப்போச்சு அவனுக்கு" என்று சொன்னதும் காதில் விழுந்தது. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமிக்குச் சொல்லுங்கள், இது ஊதாரித்தனம் இல்லை, சட்டம். இந்தக் கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் பூட்டாமல் றோட்டில் இறங்கக் கூடாது. 2008 தொட்டு இப்படித்தான். ஆரம்பத்தில் டிசெம்பர் 15 என்று இருந்தது. ஸ்னோ அதுவரை காத்திருக்காது என்று கண்டு, 2019 இல் இரண்டு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் 200 முதல் 300 டொலர் தண்டம். பக்கத்து ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. பூட்டினால் இன்சூரன்ஸ்காரர் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் அங்கே விதி. ஒரே நாடுதான், ஒரு மாகாணம் வெருட்டுகிறது, மற்றது தாஜா பண்ணுகிறது.

ஆகவே கோடைக்கு நாலு, குளிருக்கு நாலு. பூட்டாத நாலையும் வைக்க என் அறையில் இடமில்லை. ரயர் கடையிலேயே காசு கட்டி வைத்துவிட்டு வரலாம். நான் ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறேன், என் கோடை ரயர் என்னைவிட வெளிச்சமான இடத்தில் வாடகைக்கு இருக்கிறது.

பிக்கப் என்றது நீங்கள் கெப் என்று சொல்வீர்களே, அதுதான். கோடையில் கூரை வேலை, குளிரில் கூரையில் ஏறி ஸ்னோ தள்ளுகிற வேலை, இரண்டுக்கும் அதுதான் துணை. ஆனால் பனியில் இதைப்போல வில்லங்கமான வாகனம் வேறில்லை. எஞ்சின் பாரம் முழுக்க முன்னால், பின்பக்கம் வெறும் தொட்டி, இழுக்கிற சில்லோ பின் சில்லு. மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் வாகனத்தோடு கந்தளாய் றோட்டில் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும் என்பீர்களே, இங்கே துள்ளாது. மெல்ல வழுக்கி வந்து முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்.

அதற்கு இங்கத்தைய வைத்தியம் மண்மூட்டை. பின் அச்சுக்கு நேர் மேலே பாரம் விழும்படி அடுக்கி, அசையாமல் கட்டிவிட வேண்டும். எங்காவது சில்லு புதைந்தால் அந்த மண்ணையே அள்ளிக் கீழே போட்டு ஏறிவிடலாம். திருகோணமலையில் வளர்ந்தவனுக்கு மண்மூட்டை என்றால் செக்பொயின்ற்தான். அடுக்கி முடித்து நிமிர்ந்ததும் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது.

ரயர் கடைக்கு என்னோடு வந்தவன் ஒரு மட்டக்களப்புப் பொடியன். அவனுக்கு வேண்டியது சேற்றில் ஓடுகிற ரயர், பெரிய பெரிய கட்டையோடு, பார்த்தால் பயம் வரவேண்டும். "அண்ணை, என்ரை வாகனம் ஃபோர் வீல், எதிலும் ஏறும்" என்று கடைக்காரருக்கும் எனக்குமாகச் சேர்த்துச் சொன்னான். கடைக்காரர் பிரெஞ்சு பேசுகிற பெரியவர். "தம்பி, நாலு சில்லும் இழுத்தால் கிளம்புவாய். நிற்கிறதுக்கு எல்லாரிடமும் நாலு சில்லுதான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு பொடியன் வாய் திறக்கவில்லை.

பெரியவர் காட்டித் தந்ததைச் சொல்கிறேன். ரயரின் பக்கச் சுவரில் மூன்று கொடுமுடி உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். அந்தப் படம் இருந்தால்தான் பனிச் சோதனை தாண்டிய ரயர். எம் அன்ட் எஸ் என்று வெறும் எழுத்து மட்டும் இருப்பதை 2014 டிசெம்பருக்குப் பிறகு இந்த மாகாணம் ஏற்பதில்லை. ஆணி பதித்த ரயரும் உண்டு, ஒக்ரோபர் 15 முதல் மே 1 வரை பூட்ட அனுமதி. காட்டுப்பக்கம் ஐஸ் றோட்டில் ஓடுகிறவனுக்கு அது நல்லது. மொன்றியலில் ஸ்னோவை வழித்து உப்புப் போட்டுவிடுவதால், பாதி நாள் வெறும் தார் றோட்டில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டுதான் ஓடவேண்டும். அதனால் ஆணி இல்லாததை எடுத்தேன். கூரைத் தகடு ஏற்றுகிறபடியால் பாரம் தாங்கும் எல்ரி ரகம். நாலும் ஒரே இனம். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டு மிச்சம் பிடித்தால் பின்பக்கம் பழையபடி முந்த வரும்.

வின்ரர் ரயரின் சூட்சுமம் முரட்டுத்தனம் இல்லை மாமா, மென்மை. சாதாரண ரயர் 7 பாகைக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும். இது மைனஸ் 20 இலும் விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். ஒவ்வொரு கட்டையிலும் பிளேட்டால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள். ஐஸின் மேலுள்ள ஈரத்தை விலக்கி, அந்த ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். பள்ளங்களில் ஸ்னோ அடைந்தால் தட்டிவிடத் தேவையில்லை, பனியைப் பனியே நன்றாகப் பிடிக்கும். உலகத்தின் முதல் வின்ரர் ரயரை 1934 இல் பின்லாந்தின் நொக்கியாவில் லொறிக்காகத்தான் செய்தார்களாம். ஆகையால் லொறிக்காரர் நீங்கள் இதில் பெருமைப்படலாம்.

அந்த மென்மைக்கு ஒரு காரணம், அதில் கலக்கிற இயற்கை ரப்பர். குளிரில் லேசில் விறைக்காது. 1876 இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த ரப்பர் கன்றுகளை நட்டது நம்முடைய நாட்டு ஹெனரத்கொடையில்தான். வெயிலில் வளர்ந்த மரத்தின் பால், மைனஸ் 20 இல் என்னைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. எனக்குத்தான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றில் ஒன்றையாவது பார்சலில் அனுப்ப வழியுண்டா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வெப்பம் ஐந்தாறு பாகை இறங்க, ரயரில் காற்று 1 பிஎஸ்ஐ குறையும். 20 பாகை சூடுள்ள கடைக்குள் 35 அடித்துக்கொண்டு மைனஸ் 20 குளிருக்குள் போனால் 28தான் நிற்கும். அடுத்தது, கடுங்குளிரைவிடப் பூச்சியப் பாகைதான் ஆபத்து. மைனஸ் 20 இல் ஐஸ் காய்ந்து கிடக்கும், பூச்சியத்தில் மேலே தண்ணீர்ப் படலத்தோடு வழுக்கும். கொட்பேயில் மீனுக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற ஐஸ் இங்கே றோட்டில் இலவசம், ஆனால் செலவு வைக்கும்.

மொன்றியலும் திருகோணமலை மாதிரித் துறைமுகப் பட்டினம்தான். வித்தியாசம், இங்கே முன்பு குளிர்காலத்தில் ஆறே உறைந்து கப்பல் வராமல் கிடந்தது. 1964 ஜனவரியில் ஹெல்கா டான் என்ற டென்மார்க் கப்பல் ஐஸை உடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் ஆண்டு முழுக்க ஓட்டம். ஒவ்வொரு வருடமும் முதலாவதாக வரும் கப்பலின் கப்டனுக்குத் தங்கப்பிடி போட்ட கைத்தடி பரிசு. இந்த ஊர் நடைபாதையில் அவர் நடந்து போகவேண்டுமே, அது தெரிந்துதான் கொடுக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வாகனம். தம்பி அனுப்பிய படத்தில் புதுப் பெயின்ற்றைப் பார்த்துச் சந்தோஷம், பின் ரயர் இரண்டையும் பார்த்துக் கவலை. இரண்டும் மொட்டை. வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டது. விடியப்புறம் மீனோடு ஹபரணைக் காட்டைத் தாண்டும்போது, நனைந்த றோட்டில் யானை குறுக்கே வந்தால் கிளம்புகிற பலம் உதவாது, நிற்கிற பிடிதான் வேண்டும். இந்த மாதம் அனுப்புகிற காசு ரயருக்கு மட்டும். கோயில் உபயத்துக்கு அடுத்த மாதம் அனுப்புகிறேன், சாமி பொறுப்பார். ரயர் பூட்டிய ரசீதை மாமியிடம் கொடுத்துப் படமெடுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்.