அம்பத்தூர்ப் பரண்: அடுக்கியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

இரண்டு தளங்களுக்கு இடையே, சாமான் சேமிக்கவென்று அமைக்கப்படும், 1.5 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத இடைத்தட்டே பரண் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த உயரத்தில் மனிதன் நிமிர முடியாது, அண்டா நிமிரும். சட்டத்தின் உள்ளக்கிடக்கையும் அதுவே என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

ஆய்வுக்களம் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி. 1949இல் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் வந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் உருவான அம்பத்தூர் எஸ்டேட் என்று இரும்பு சூழ்ந்த மண் இது. ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய தலைமுறைக்கு ஒரு நட்டைத் தூக்கி எறிவது பெற்ற பிள்ளையை எறிவது போல. ஆகவே எந்தப் பரணிலும் நட்டு, போல்ட்டு, வாஷர் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று உண்டு. வேண்டிய அளவு போல்ட்டு மட்டும் அதில் இருந்ததாகச் சான்றில்லை.

இங்கிருந்து வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்துள்ளன. அங்கே கீழே தோண்டத் தோண்டக் காலம் பின்னோக்கிப் போகும். பரணிலோ முன்னிருந்து பின்னே துழாவ வேண்டும். முன்வரிசையில் எல்.இ.டி. டி.வி. வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் சகிதம். வாரண்டி முடியும்வரை இருக்கட்டும் என்றார்கள். வாரண்டி முடிந்தது, டி.வி.யும் முடிந்தது, பெட்டி நலமாக இருக்கிறது. அடுத்து 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் வந்த விலையில்லா மிக்சி. அதை ஒட்டி, 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பின் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. இரண்டு கழகங்களும் இவ்வளவு இணக்கமாக ஒட்டி உட்கார்ந்து வேறெங்கும் கண்டதில்லை. அதற்கும் பின்னே திரி ஸ்டவ். சுவரோரம் பித்தளை அண்டா. அதற்குள் என்ன என்று கேட்டால், 'இன்னொரு அண்டா.'

பரண் ஒழிப்புக் கோட்பாடுகளுள் ஜப்பானிய மேரி கொண்டோவுடையது புகழ்பெற்றது. 2011இல் வந்த அவர் நூலின்படி, பொருளைக் கையில் எடுக்க வேண்டும். மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள்ளலாம். கொரட்டூரில் இது சோதிக்கப்பட்டது. மாமியார் அண்டாவைத் தொட்டார், கண் கலங்கியது. மாமனார் சைக்கிள் ரிம்மைத் தொட்டார். "ஒரிஜினல் பீஸும்மா, இப்பல்லாம் கிடைக்காது" என்றார். மருமகள் மிக்சியைத் தொட்டார். அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாம் மேலே போயின.

போகியும் உதவாது. டயர், பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்கிறது. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் தீக்குப் போக, மற்றவை தூசி தட்டப்பட்டு மேலே திரும்புகின்றன. இறங்கியதைவிட ஏறியது அதிகம். கீழே கிடந்த நாலு சாமானும் சந்தடி சாக்கில் சேர்ந்துகொள்கின்றன.

பரண் எதிர்ப்பாளர்களின் வாதம் உண்மையில் முறிந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதை உறுதி செய்தது. வீட்டை ஒழித்து, வேண்டியதை மட்டும் அழகாகக் கீழ் டிராயரில் அடுக்கியவர்களின் டிராயருக்குள் ஏரித் தண்ணீர் புகுந்தது. மெத்தை போயிற்று, பிரிட்ஜ் போயிற்று. பரணில் திரி ஸ்டவ்வுக்கு ஒரு சொட்டு ஈரமில்லை. எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு: பிள்ளைகளின் சர்டிபிகேட் பையை ஏற்றப் போனபோது மேலே இடமில்லை. 'அந்த டி.வி. பெட்டியை இறக்குங்களேன்' என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று சொல்லியும், பெட்டி இறங்கவில்லை. பை அதன் தலைமேல் ஏறியது.

இப்போது எழும்பும் வீடுகளில் பரணுக்கு லேமினேட் கதவு போடுகிறார்கள். இதனால் களஆய்வு பெரிதும் தடைப்பட்டுள்ளது. கதவைத் திறக்க வீட்டம்மாவின் அனுமதி வேண்டும்; அதைத் திறந்தால் உள்ளிருப்பது தலையில் விழும் என்று அவரே எச்சரிக்கிறார்.