எனக்குச் சுகர் இல்லை

போன முகூர்த்தத்துக்குத் திருநெல்வேலி போய்விட்டு வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. தாலி கட்டி முடிவதற்குள் என்னிடம் "சுகரா?" என்று கேட்டவர்கள், மொய் எழுதியவர்களைவிட அதிகம் இருப்பார்கள். "எப்ப வந்தீரு?" கிடையாது. "பிள்ளைகள் வரலையா?" கிடையாது. தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, தொளதொளத்த சட்டையில் ஒரு நிறுத்தம், உடனே "சுகரா?" கெட்டிமேளச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று நினைத்த ஒரு பெரியப்பா எதிர் வரிசையிலிருந்து சைகையிலேயே கேட்டார். விரல் நுனியில் ஊசி குத்துவதாகக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து உச்சுக்கொட்டிவிட்டு, அதே கையால் அட்சதை போட்டார்கள்.

எனக்குச் சுகர் இருந்ததுதான். 118 கிலோ இருந்த காலத்தில் இருந்தது. கூடவே பிரஷர், மேல்வீட்டுக்காரர் புகார் சொல்லும் அளவுக்குக் குறட்டை, ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின். அப்போது ஒரு ஜீவன் கேட்டதில்லை. "நல்லாச் செழிப்பா இருக்கீரு மாப்ள", "மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிட்டுது போல", "மதினி கைமணம் கன்னத்துல தெரியுது." என் கணையம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் ஊரே கூடி என் ஆரோக்கியத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது. இப்போது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மூன்று மாதச் சராசரி ஆறுக்குக் கீழே இறங்கி, சுகர் மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொன்ன பிறகுதான் இவர்களுக்கெல்லாம் என் சர்க்கரைமீது அக்கறை பிறந்திருக்கிறது.

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவது, எதை விடுவது என்று உருப்படியாக நாலு விஷயம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்தச் சுகர்க்காரர்களை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன்.

இவர்களில் நேரடியாகக் கேட்பவர்கள் தேவலை. கேட்டார்கள், போனார்கள். வைத்தியம் சொல்பவர்கள்தான் போக மாட்டார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் ஊரில் பழமொழி இல்லை, சட்டம். கொழுத்திருந்த காலத்தில் எனக்குக் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல், கொள்ளுக் கஞ்சி எல்லாம் வந்தன. எடை குறையவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் கனைப்பாக மாறியது. இப்போது அதே வீடுகளிலிருந்து அதே சம்படத்தில் எள்ளுருண்டை வருகிறது. சம்படத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று என் மனைவி அதில் வேறொரு வீட்டு எள்ளுருண்டையை வைத்து அனுப்புகிறாள். தெருவில் ஒரே எள்ளுருண்டை மூன்று வீடு சுற்றி எங்களிடமே திரும்பி வந்ததாக எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்து, கதை சொல்பவர்கள். "எங்க சின்ன மாமனாரும் இப்பிடித்தான், திடீர்னு வத்திப் போனாரு…" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்டபத்துக் கூரையைப் பார்ப்பார்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு சின்ன மாமனார் இருந்திருக்கிறார். எல்லாச் சின்ன மாமனாரும் ஒருநாள் திடீரென்று இளைத்திருக்கிறார். அதில் ஒருவரும் இப்போது இல்லை. ஒரு சித்தப்பாவிடம் பொறுக்க முடியாமல் கேட்டேன்:

"வத்திப் போயி?"

"ஆறே மாசம். போய்ச் சேர்ந்துட்டாரு."

"சுகரா?"

"இல்ல, பைபாஸ்ல லாரி அடிச்சிட்டு."

இளைத்தவனை லாரிக்காரனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று விளக்கம் வேறு.

மூன்றாவது ரகம் என்னிடம் கேட்கவே கேட்காது. நேராக அடுக்களைக்குப் போய் என் மனைவியை ஓரங்கட்டும். "தம்பிக்கு வேற ஏதும் கவலையா? கடன் கிடன்? ஆபீஸ்ல ஏதும்?" என்று சீர்வரிசையாகக் கேட்டு, எதற்கும் இல்லை என்று பதில் வந்தால் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குள்ள ஒண்ணுமில்லையே?" என்று முடிக்கும். நான் அன்று ஓமப் புகையில் இரண்டு தடவை இருமினேன். என் வரிசையில் நாற்காலிகள் காலியானதைப் பார்த்தபோது விசாரணை டி.பி. வரைக்கும் போயிருப்பது புரிந்தது. பாங்கில் மட்டும் யாரும் சுகரா என்று கேட்கவில்லை. என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கவுண்டர் பெண், "இது உங்க அண்ணன் கார்டா சார்? அவர் நேர்ல வரணுமே" என்றார். அண்ணன் இப்போது இல்லை என்று சொல்ல நினைத்து, அதற்கும் ஒரு சின்ன மாமனார் கதை வருமோ என்று பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் தொல்லை தீருமா? தீராது. "ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்றதும் அனுதாபம் இருந்த இடத்தில் இளக்காரம் வந்து உட்காரும். "அட, இவ்வளவுதானா? குறுக்கு வழி! வாயைக் கட்டினாப் போதாதா? இதுக்குப் போயி வயித்தை அறுக்கணுமா?" இதைச் சொன்ன மாமா அப்போது மூன்றாவது வடையை மென்றுகொண்டிருந்தார். அவர் வாயை அவர் கட்டியிருந்தால் அந்தக் கேள்வியாவது வெளியே வராமல் இருந்திருக்கும்.

வாயைக் கட்டாதவனா நான்? பேலியோ, பச்சைக் காய்கறி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் என்று கட்டாத கட்டு இல்லை. கட்டக் கட்டப் பசி வட்டியோடு வந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். உடம்பு இளைக்க இளைக்க அது கூடிக்கொண்டே போகும். பட்டினி கிடக்கிறான் பாவம் என்று உடம்புக்கு நம்மீது ஒரு தாய்ப்பாசம். நான் செய்துகொண்ட ஸ்லீவ் ஆபரேஷனில் அந்த மேல்பகுதியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவதால் பசியும் அடங்குகிறது. எஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், சுமார் 100 முதல் 150 மில்லி கொள்ளும். இதை நான் மாமாவிடம் விளக்கினேன். "அதெல்லாம் மனசுதான் மாப்ள காரணம்" என்றார். ஜப்பான்காரனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

குறுக்கு வழி எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு உதவும். கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைந்து அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட இடம் கிடைக்கும் என்று ஆபரேஷனுக்கு முன்பே வாரக்கணக்கில் திரவ ஆகாரம். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு ஏற்றி ஊதவைத்து வேலை பார்ப்பார்கள். வெட்டியது வயிறு, கண் விழித்தால் வலிப்பது தோள்பட்டை. மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்த, அந்த நரம்பு தோளில் போய்க் கோள்மூட்டுகிறது. காலில் இறுக்கமான காலுறை மாட்டி அன்று சாயங்காலமே நடக்கச் சொல்வார்கள், ரத்தம் கட்டிவிடக் கூடாதென்று. கையில் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்று என்பார்கள். இரண்டு பந்து ஏறும். மூன்றாவது அசையாது. பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லாரும் அந்த மூன்றாவது பந்தைத்தான் கேட்டார்கள். ஒரு பையன் டப்பாவைப் பிடுங்கி மூன்றையும் ஏற்றிக் காட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று ஆயுசுக்கும் மாத்திரை. இதுதான் குறுக்கு வழி. சுற்று வழி எது என்று மாமாவிடம் கேட்க மறந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. இலையின் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குக் கணக்கு ஓடும். 150 மில்லியில் எதற்கு எவ்வளவு? நாளைக்கு 60 கிராம் புரதம் போக வேண்டும், அதை முதலில் சாப்பிட வேண்டும் என்பது டயட்டீஷியன் உத்தரவு. சைவப் பந்தியில் புரதத்தைத் தேடுவது எப்படியென்று அவர் சொல்லவில்லை. சொதிக்குள் கரண்டி விட்டுப் பாசிப்பருப்பை வலைபோட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறுகிறவர் வந்தார். "போதும்" என்று இலைமேல் கையை வைத்தேன். கைமேல் சோறு விழுந்தது. "சும்மா பேருக்கு" என்றார். என் பெயர் அவ்வளவு பெரிதில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடிந்து அரைமணி கழித்துத்தான். எதிரிலிருந்த அத்தை, "தண்ணி குடிக்காமத் திங்கியே, விக்கும்லா!" என்று டம்ளரைத் திரும்ப நகர்த்தினாள். சோறு மூன்றாம் வாய். நெஞ்சுக்குக் கீழே ஓர் இறுக்கம், மூக்கில் தண்ணீர், அடுத்து ஒரு தும்மல். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு அதுதான் மணி. ஏப்பம் வந்த இடத்தில் இப்போது தும்மல் வருகிறது. அத்தை இஞ்சிப் பச்சடியைச் சந்தேகப்பட்டாள். அத்தைக்குப் பக்கத்தில் இருந்தவள் டி.பி.யைச் சந்தேகப்பட்டாள். பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நின்றவர் மட்டும் நான் முடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். இலையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பெண்வீட்டார், "சாப்பாடு பிடிக்கலையோ?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் சமையல்காரரைக் கூப்பிட்டார்கள்.

இதில் பெரிய அநியாயம் அல்வா. ஒரு இட்லியைச் சின்ன ஸ்பூனால் கிள்ளி, கூழாகும்வரை மென்று, அரைமணி நேரம் போராடி உள்ளே அனுப்புகிறேன். அல்வா அப்படியில்லை. அது கையிலேயே நிற்காது. குழாய் இரைப்பையில் எங்கே நிற்கப் போகிறது? வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வும் வராது. ஐஸ்கிரீம், பாயசம், அல்வா எல்லாம் இந்த ஜாதி. கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வந்து ஆளைப் படுக்கவைத்துவிடும் என்பது தனிக்கதை. கஷ்டப்பட்டு வெட்டி வைத்த வயிற்றில் இட்லியைத் தடுத்து நிறுத்துகிற காவல், அல்வாவுக்குச் சலாம் போட்டு வழிவிடுகிறது. அதுவும் நான் பிறந்தது திருநெல்வேலியில்.

ஊர் திரும்பும் வழியில் ஓட்டலில் ஒரு இட்லி கேட்டேன். "பிளேட் ரெண்டு சார்." "ஒண்ணு போதும்." "ஒண்ணு வராது சார்." ரெண்டில் ஒன்றைக் கொண்டுவந்தால் போதும், காசு ரெண்டுக்கும் தருகிறேன் என்றேன். அவர் கல்லாவைப் பார்த்தார். கல்லா என்னைப் பார்த்தது. "சுகரா சார்?" என்றது கல்லா.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு போன். குறுக்கு வழி மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறாராம்.

"மாப்ள, யாருக்கும் தெரிய வேண்டாம். நம்ம மூத்தவன் 130 கிலோ ஆயிட்டான். பொண்ணு அமைய மாட்டேங்கு. அந்த டாக்டர் நம்பர் குடும். இன்சூரன்ஸ்ல வருமா?"

இன்சூரன்ஸ் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதியைச் சொன்னேன். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், டாக்டர் சிபாரிசு வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும்; 35 என்றால் கூடவே இதயக் கோளாறோ, கட்டுக்கடங்காத சுகரோ, தூக்கத்தில் கடுமையான மூச்சுத்திணறலோ இருக்க வேண்டும். மாமா குறித்துக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு எப்பிடி?"

கடைசியில் கேட்டாரே ஒரு மனுஷன் என்று எழுந்து உட்கார்ந்தேன். "நாலு விஷயம் இருக்கு மாமா. முதல்ல ரெண்டு வாரம் வெறும்…"

"அதெல்லாம் நீர் கவலைப்படாதியும். உங்க அத்தை பத்தியம் பாக்கதுல கெட்டிக்காரி. டிஸ்சார்ஜ் அன்னைக்கே பூண்டுக் குழம்பு வச்சு, நெய் விட்டுப் பிசைஞ்சு, தெம்பா நாலு வாய் குடுத்திருவா. பிள்ளை வத்திப் போயிரக் கூடாதுலா? நீர் இப்ப நம்பரைச் சொல்லும்."