பேட்டரிக்கு ஓய்வு வயது

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவனுக்கு வாய்த்த பெரிய சௌகரியம், தான் எப்போது கிழவனாக வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் சிரமம் அவனுக்கு இல்லை என்பதுதான். தமிழ்நாட்டில் 58 வயதாக இருந்த அந்த எல்லையை 2020இல் 59 ஆகவும், மறு வருஷமே 60 ஆகவும் நீட்டி உத்தரவு பிறந்தபோது, பெட்டி படுக்கையைக் கட்டி வைத்திருந்த பலபேர் ஒரே இரவில் வாலிபர்களாகிவிட்டார்கள். பௌதிக ஆசிரியனாக இருந்து முன்னமே ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அந்த யோகம் கிட்டவில்லை, அது கிடக்கட்டும். ஆகாசத்தில் பறந்து கல்யாணத்தைப் படம் பிடிக்கும் ட்ரோனுக்குப் பிராணன் கொடுக்கிற பேட்டரி இருக்கிறதே, அதற்கு இப்படி ஓர் உத்தரவு போடுவார் யாருமில்லை. அதுவும் தானாக ராஜினாமாக் கடிதம் நீட்டுவதில்லை. போதாக்குறைக்கு, தரையில் இருக்கும் வரையில் தான் பூரண ஆரோக்கியத்தோடு இருப்பதாகவே சாதிக்கும் சுபாவம் படைத்தது.

இந்த ஞானமெல்லாம் எனக்குச் சித்தித்தது என் தங்கை மகனால். அவன் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். நாகஸ்வரக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்களோ இல்லையோ, ‘ஹெலிகேம்’காரனுக்குக் கொடுத்துவிடுகிற காலம் இது, ஆகவே முகூர்த்த நாட்களில் அவன் ஊரில் பெரிய மனிதன். பேட்டரிகளின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் மார்க்கர் பேனாவினால் 1, 2, 3 என்று இலக்கமிட்டு வைத்திருக்கிறான். அவற்றில் 1 என்பது மூத்தது. புதிதாக வாங்குவதென்றால் யானை விலை குதிரை விலை சொல்கிறார்களாகையால், ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “இன்னும் ஒரு கல்யாணம் தாங்கும், மாமா” என்பான். பேட்டரியும் ஆட்சேபிப்பதில்லை. சார்ஜ் ஏற்றினால் பச்சை விளக்கு நான்கும் எரிகின்றன. திரையில் 100 சதவீதம் என்று காட்டுகிறது.

அந்த 100 சதவீதத்தில்தான் சூது இருக்கிறது. இந்த வகை லித்தியம் பேட்டரியில் ஒரு செல்லுக்கு நிறைந்த நிலையில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல்லுக்கே ஆபத்து, அதற்குச் சற்று மேலேயே ட்ரோன் பயந்துபோய்த் தரையைத் தேட ஆரம்பித்துவிடும். செல்லுக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு. அது வயதோடு வளரும். புதியதாக இருந்தபோது 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வேகமாக மேலே ஏறும்போது 20 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 1827இல் ஓம் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட விதிப்படி உள்ளேயே தொலைவது 0.1 வோல்ட், அது ஒரு பொருட்டல்ல. தடை 20 மில்லி ஓம் ஆகிவிட்டால் தொலைவது 0.4 வோல்ட். தரையில் சும்மா இருந்தபோது 3.7 என்று கம்பீரமாகக் காட்டிய செல், காற்றை எதிர்த்து ஏறு என்று சொன்ன மாத்திரத்தில் 3.3க்கு விழுந்துவிடுகிறது. இருப்பில் குறைவில்லை, கேட்டபோது கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் சக்தியில்லை. இதை நான் கரும்பலகை இல்லாத குறையைச் சுவரில் தீர்த்துக்கொண்டு விளக்கியபோது, அவன், “சரி மாமா, இந்த ஒரு முகூர்த்தம் போகட்டும்” என்றான்.

அந்த முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை ஜானவாசம். மேல்தட்டுத் திறந்த காரில் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக அமர்ந்திருக்க, முன்னால் நாகஸ்வரம், பின்னால் பெண்டுகள், இவற்றுக்கெல்லாம் மேலே நமது 1ஆம் நம்பர். (ஜனக்கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே நான்கு கத்திகளைச் சுழலவிடுவது எந்தப் பேட்டரியோடும் செய்யத் தகாத காரியம் என்பது என் அபிப்பிராயம், அதைக் கேட்பார் இல்லை.) திரையில் 40 சதவீதம் இருந்தது. ஊர்வலம் முழுவதையும் ஒரே காட்சியில் அடக்கவேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் ஆசைப்பட, பையன் ட்ரோனை ஒரே மூச்சில் உயரே ஏற்றினான். நாற்பது பத்தாயிற்று. செல்போன் இங்கிலீஷில் ஏதோ எச்சரித்தது. அவ்வளவுதான், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ட்ரோன் இறங்கத் தொடங்கியது. பையன் அதை ஜனங்களிடமிருந்து விலக்கி, விலக்கி, கடைசியில் வேறு கதியின்றிக் காரின் பானெட் மேலேயே உட்காரவைத்தான். நாகஸ்வர வித்துவான் சுருதி பிசகாமல் இரண்டடி விலகி நின்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா, சம்பிரதாயம் எதையாவது தவறவிட்டுவிடப் போகிறோமே என்று, அதைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தார். பெண்ணின் தகப்பனார் அருகில் வந்து, “இது பாக்கேஜில் சேர்ந்ததா, தனியா?” என்று மெதுவாக விசாரித்தார்.

பேட்டரியின் ஆயுளைப் பற்றிக் கேட்டால், 200 தடவை, 300 தடவை சார்ஜ் ஏற்றலாம் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குப் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் போட்ட கணக்கு. லித்தியம் பேட்டரிக்கு உழைப்பைக் காட்டிலும் அதிகக் கெடுதல் செய்வது, வயிறு நிறையச் சார்ஜோடு வெப்பத்தில் சும்மா கிடப்பது. நம் நாட்டிலோ ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு 100 சதவீதம் ஏற்றி, மிச்சமானதை அப்படியே இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினால், உள்ளே இருக்கும் ரசாயனத் திரவம் சிதைந்து வாயுவாகி, ஆவணியில் கதவைத் திறக்கும்போது பேட்டரி தொந்தியும் தொப்பையுமாக எதிர்ப்படுகிறது. பாதிக்குச் சற்று மேலே, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் இந்தக் கஷ்டம் பெருமளவு குறையும்.

1ஆம் நம்பருக்கும் அந்த ஆடியில் அதுதான் நேர்ந்தது. மேஜைமேல் வைத்தால் சமமாக உட்காராமல் தொட்டில் மாதிரி ஆடியது; ட்ரோனின் வயிற்றில் செருகினால் ‘க்ளிக்’ சத்தம் கேட்கவில்லை. என் தங்கை சிக்கனத்தில் கரைகண்டவள். நான் கொல்லைப்பக்கம் போனபோது அந்தப் பேட்டரி ஒரு மணைப்பலகையில் கிடக்க, அதன்மேல் அம்மிக் குழவி ஏற்றப்பட்டிருந்தது. “பாரம் வைத்தால் ராத்திரிக்குள் படிந்துவிடும், அண்ணா” என்றாள். உள்ளே காகிதத்தினும் மெல்லிய ஒரு தடுப்பு இருக்கிறது. அது கிழிந்து இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டால் தீ. அந்தத் தீ தண்ணீருக்கும் லேசில் அடங்காது என்று சொல்லிக்கொண்டே குழவியை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி எடுத்தேன். அவளுக்கு முழு நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வேளைத் துவையலுக்கு அரைக்குமுன் குழவியை மட்டும் நன்றாகக் கழுவினாள்.

இந்தப் பேட்டரிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் என்ற அமெரிக்கருடைய ஜாதகமே வேறு. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது இதற்கான கோபால்ட் முனையைக் கண்டுபிடித்தார்; 1991இல் ஜப்பானில் சோனி கம்பெனி லித்தியம் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது; 2019இல் மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. தொண்ணூறு தாண்டியும் டெக்ஸாஸில் ஆராய்ச்சியை விடாமல் இருந்தார். 2023இல் நூறு வயதைக் கடந்துதான் காலமானார். இதையும் என் தங்கை மகன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தான்.

கடைசியில் நானே ஓர் அரசாணை பிறப்பித்தேன். வீங்கினது எதுவானாலும் அன்றே விலகிக்கொள்ள வேண்டியது; கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனதும், நிறைய ஏற்றிய பிறகும் செல்லுக்குச் செல் 0.1 வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் காட்டுவதும் மேலே பறக்கலாகாது. முக்கியமான ஷரத்து, இந்தப் பரீட்சை முகூர்த்தம் இல்லாத நாளில் நடக்க வேண்டும் என்பது. அட்வான்ஸ் வாங்கிய கையினால் பேட்டரியைத் தடவிப் பார்த்தால் எல்லாப் பேட்டரியும் தேவலை என்றுதான் தோன்றும்.

விலக்கியதை அப்புறப்படுத்துவது தனிப் புராணம். 2022இல் வந்த சட்ட விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு. ஆனால் விற்றபோது கடையில் கண்ட முகமலர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கும்போது எதிர்பார்க்கலாகாது. காயலான் கடைக்காரர் மட்டும் ஆவலோடு வாங்கிப் பார்த்து, உள்ளே செம்பு இருக்குமா என்று சுத்தியலைத் தேடினார். நாங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தோம். முனைகளில் டேப் சுற்றி, மணல் வாளியில் கொல்லையில் வைத்திருந்து, மின்னணுக் கழிவு சேகரிக்கிறவர் வந்தபோது ஒப்படைத்தோம். எடைக்கு என்ன கொடுத்தான் என்று என் தங்கை கேட்டாள்.

சமீபத்தில் ஒரு பெரியவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்த ஜானவாச வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தம் மாப்பிள்ளையின் கார் மேலும் ட்ரோன் அதே போல வந்து இறங்கவேண்டும் என்றார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்படி இறங்குகிற பேட்டரி இப்போது கைவசம் இல்லையே, சார்” என்றான்.

“பணம் கூட ஆனாலும் பரவாயில்லை, தம்பி. எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள்” என்று சொல்லி, அட்வான்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார் அவர்.