மீட்டரு போடாத பாலு

வாடா பேராண்டி, இப்புடி ஒக்காரு. போன நீட்டிக் காட்டுறியே, என்னாதாம் அதுல? கம்பெனி நடத்துனவரு கையில நாட்டக் குடுத்தா நாடும் கம்பெனி கணக்கா ஓடுமாமா? ஓடும்டா. 1992-ல தோட்டத்தையெல்லாம் கம்பெனிக்குக் குடுத்தானுங்க. அன்னையிலருந்து லயத்து வாசல்ல குந்தி, ஓடுற சீரப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பங்களாவுல தண்ணி ஓடும். நம்ம பீலியில காத்து ஓடும்.

தம்மிக்க பெரேரான்னு ஒரு ஐயா. கசினோ, டைல்சு, பைனான்சு, ஓட்டல்னு அவரு தொடாத தொழிலு இல்ல. ஹேலீஸ் கம்பெனியில பெரிய பங்குக்காரரு. யட்டியாந்தோட்டப் பக்கம் ரப்பர் மல வச்சிருக்குற களனிவெளி கம்பெனி இருக்குல்ல, அதுவும் ஹேலீசுக்குள்ளதான். கெட்டிக்காரரு, இல்லேங்கல. நான் அம்பது வருசம் ரப்பர் பாலு வெட்டி, ஒரு ஆட்டுக்குட்டி வாங்குனேன். அதையும் கபரகொய்யா கடிச்சிருச்சு.

2022 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா? மண்ணெண்ணக் கேனுக்குப் பக்கத்துல ரோட்டுலயே படுத்துக் கெடந்தோமே. அப்ப பசில் ராஜபக்ச பார்லிமெண்டுக் கதிரய விட்டு எழும்பிட்டாரு. தேசியப் பட்டியல் கதிர அது. நம்ம ஐயா கம்பெனிப் பதவியெல்லாம் கழட்டி வச்சிட்டு வந்து அதுல குந்திக்கிட்டாரு. ஜூன் 24-ல மந்திரி. வெளிநாட்டு முதலக் கொண்டாரப் போற மந்திரி. ஜூலை 9-ல சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள பூந்து நீச்சல் தொட்டியில குளிச்சிச்சு. மறுநாளே ஐயா மந்திரி வேலைய விட்டுட்டாரு. எண்ணிப் பாரு, 16 நாளு. மாசத்துக்கு 16 நாளு மட்டும் பேரு போட்டவன நம்ம கங்காணி என்னா பேச்சுப் பேசுவாரு? அட்வான்சு கேக்க ஆபீசுப் படியாவது ஏற விடுவாரா?

2024-ல ஜனாதிபதித் தேர்தலுக்கு நிக்கப் போறாருன்னானுங்க. கடைசி நேரத்துல அதுவும் இல்லேன்னுட்டாரு.

ஒண்ணு கேக்குறேன் சொல்லு. நீ வெட்டிக்கிட்டு வர்ற பால ஸ்டோருல அப்புடியே ஊத்திக்கிறானுங்களா? ஊத்த மாட்டானுங்க. மீட்டரப் போட்டு, தண்ணி கலந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் கணக்கப்புள்ள பேனாவ எடுப்பாரு. நாட்டுல அந்த மீட்டருக்குப் பேரு ஓட்டு. பார்லிமெண்டுல 225 கதிர. அதுல தேசியப் பட்டியல் கதிர 29, மீட்டரு போடாத வாளி. ஐயா வந்தது அந்த வழி.

அந்த மீட்டருக்கு நாம என்னா பாடு பட்டோம்? 1948-ல எங்கப்பன் கையிலருந்து பிரஜாவுரிமையப் புடுங்குனானுங்க. பின்னாடியே ஓட்டும் போச்சு. மிச்சம் மீதி ஆளுக்குப் பிரஜாவுரிமை வர 2003 சட்டம் வேண்டியிருந்திச்சு. ஒரு ஓட்டுக்கு நமக்கு அம்பத்தஞ்சு வருசம். ஒரு ஓட்டும் வாங்காம கதிரைக்கு ஐயாவுக்கு ரெண்டு கிழம. பசில் எழும்புன சூடுகூட ஆறியிருக்காது.

திலித் ஜயவீரன்னு இன்னொரு முதலாளி. விளம்பரக் கம்பெனி, தெரண டிவின்னு வச்சிருந்தவரு. அவரு 2024-ல ஜனாதிபதிக்கு நின்னே பாத்தாரு. மீட்டருக்குள்ள கைய விட்ட தைரியத்துக்கு ஒரு கும்புடு! நூத்துல ஒண்ணுகூடத் தேறல. அப்பறம் அவருக்கும் அதே தேசியப் பட்டியல்தான். கடல் தாண்டியும் இதே கததான்டா. விஜய் மல்லையா சாராயம் வித்தாரு, பிளேனு ஓட்டுனாரு. ராஜ்யசபைக்குப் போனாரு, அதுக்கும் சனத்தோட ஓட்டு வேண்டியதில்ல. கடசியில கடன வச்சிட்டு லண்டனுக்கே போயிட்டாரு.

அதே 2024 நவம்பர்ல நம்ம இரத்தினபுரியில சுந்தரலிங்கம் பிரதீப் சனத்துக்கிட்ட விருப்பு வாக்கு வாங்கித்தான் உள்ள போனாரு. பிரதி மந்திரியும் ஆனாரு. அவர நான் தெனமும் திட்டுறேன், அது வேற. திட்டுறதுக்கு எனக்கு உரிம இருக்கு, ஓட்டுப் போட்டவன் நானு. தேசியப் பட்டியல்காரன நான் எந்த வாயால திட்டுறது?

கம்பெனிக்காரரு அரசியலுக்கு வரப்படாதுன்னு நான் சொல்லலடா. தாராளமா வரட்டும். காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வந்து, வாளியோட நம்மகூட வரிசையில நிக்கச் சொல்லு. மீட்டர நான் புடிக்கிறேன்.