விஸ்வநத்தத்தில் நெய்தல்: ஒரு குளியலறைத் திணைமயக்கம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், என் மச்சான் வீட்டுக் குளியலறை அண்மையில் கடற்கரையாக மாற்றப்பட்டது. அளவு ஆறடிக்கு நாலடி. ஒரு பானை ஓட்டின் விளிம்பை வைத்து நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள் உள்ள நாட்டில், ஒரு முழு பாத்ரூமை வைத்து நாலு பக்கம்கூட எழுதப்படாதது ஆய்வுலகின் பெருங்குறை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. (எல்லாக் கட்டுரைகளும் ஏதோ ஓர் இடைவெளியை நிரப்பவே பிறக்கின்றன. இடைவெளியைத் தோண்டியது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.)

முதலில் சொல்லாராய்ச்சி. மச்சான் இதை ‘பாத்ரூம்’ என்கிறார். அக்கா ‘குளிக்கிற ரூம்’ என்கிறாள். மச்சானின் அம்மா, அதாவது அத்தை, ‘அங்கணம்’ என்கிறார் (அத்தை, வாய்மொழி). இச்சொல் திருக்குறளில் 720ஆம் குறளில் வருகிறது. ஆகவே அத்தை சங்கம் மருவிய காலத்தவர் என்று துணியலாம். இதைவிடக் குறைந்த சான்றை வைத்து ஊர்களின் வயதையே ஆயிரம் ஆண்டு கூட்டியவர்கள் நம்மிடையே நலமாக இருக்கிறார்கள்.

அடுத்து, களம். சுவரில் இடுப்பளவுக்குக் கடல்நீலம், அதற்குமேல் மணல்நிறம், நடுவில் அலைபோல் நெளியும் ஒரு பட்டை. டைல்ஸ் பெட்டியில் ‘மோர்பி, குஜராத்’ என்று இருந்தது.

சோப்புப் பெட்டி: சங்கு வடிவம், பிளாஸ்டிக்.

கண்ணாடி: வட்டம், கப்பல் சன்னலாம்.

கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மச்சான் பட்டாசு ஆலையில் போர்மேன். ஆலையில் அறைக் கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. அதே பழக்கத்தில் இங்கும் கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்துவிட்டார். விளைவாக அத்தைக்கு இதுவரை இரண்டு முறை நெற்றியில் பட்டிருக்கிறது (அத்தை, மேற்படி, வீக்கத்துடன்).

இனி மையச் சிக்கல். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. தூத்துக்குடிக் கடல் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். பிறகு எப்படி இங்கே ஒரு கடற்கரை? இது பற்றி மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. மூன்றையும் நிலவச் செய்தவன் நான்தான்.

ஒன்று, அரசாணைக் கொள்கை. 1985 வரை இந்தப் பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதாவது இராமேசுவரமும் தனுஷ்கோடியும் நம் மாவட்டம். அந்த ஆண்டு மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கடல் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. பாகப்பிரிவினையில் கிணற்றை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த தம்பியின் மனக்குறை முப்பது நாற்பது ஆண்டு கழித்துத் தரைக்கு டைல்ஸ் எடுக்கும்போது வெளிப்படுகிறது என்பது என் முடிபு.

இரண்டு, சங்குக் கொள்கை. பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை விஜயகரிசல்குளத்தில், 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கடலில்லாத ஊரில் சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். எனவே கரிசலுக்குள் கடலைக் கொண்டுவருவது மச்சானின் புத்தாக்கம் அன்று, மரபு. நாளை யாரோ தோண்டும்போது மச்சானின் சோப்புப் பெட்டி கிடைக்கும். ‘வழிபாட்டுப் பொருளாக இருக்கலாம்’ என்று எழுதுவார்கள். என்னவென்று தெரியாத பொருளெல்லாம் வழிபாட்டுப் பொருள்தானே.

மூன்று, காலண்டர்க் கொள்கை. தமிழ்நாட்டுச் சலூன்களிலும் மளிகைக் கடைகளிலும் தென்னை சாய்ந்து நிற்கும் கடல் படங்கள் தொங்கியதே, அவற்றில் பெரும்பங்கு சிவகாசி அச்சகங்களில் பிறந்தவை. ஊருக்கெல்லாம் கடலை அடித்து, உருட்டி, ரப்பர் போட்டு அனுப்பிய ஊர் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஆனால் இம்மூன்றும் புறச்சான்றுகளே. அகச்சான்றுக்குத் தொல்காப்பியத்திடம் போக வேண்டும். போகாவிட்டால் கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள்.

நெய்தலுக்குத் தெய்வம் வருணன். அவன் இங்கே மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் கருப்பு சின்டெக்ஸாக எழுந்தருளியிருக்கிறான். போரில் தண்ணீர் இறங்கினால் தெய்வம் காலி. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்குவது யார்? உரையாசிரியர்கள் தலைவி என்கிறார்கள். விஸ்வநத்தச் சான்று அதை மறுக்கிறது. உள்ளே இருப்பவர் இரங்குவதில்லை. அவர் பாடுகிறார். வெளியே துண்டும் தோளுமாக நின்று, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கதவைத் தட்டுபவரிடம்தான் இரங்கல் நிகழ்கிறது. கதவு வெளிப்பக்கம் திறப்பதால் அவர் சற்றுத் தள்ளி நின்றே இரங்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியே ‘இரங்கல் நிமித்தம்’.

நெய்தலின் பொழுது எற்பாடு. அது சூரியன் சாயும் நேரமா, எழும் நேரமா என்று புலவர்கள் வெகுகாலமாக மல்லுக்கட்டுகிறார்கள். மச்சான் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் வழக்கு இது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூட அவசரத்தில் தட்டுகிறார்கள். மாலையில் ஆலை விட்டு வந்த மச்சான் தட்டுகிறார். இரண்டு தரப்பும் சரி. இத்தனை காலம் சண்டை போட்டவர்களுக்கு வீட்டில் இரண்டு குளியலறை இருந்திருக்க வேண்டும்.

முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். பாலை திரிந்தால் என்ன ஆகும் என்று இளங்கோ சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டினால் நெய்தல் ஆகும். இதற்கு அத்தையின் சான்று வலுவானது: ‘தண்ணி இல்லாத ஊர்ல கடல் எதுக்குடா’ (அத்தை, மேற்படி, துணி காயப்போடும்போது சொன்னது, அக்கா வந்ததும் திருத்திய இரண்டாம் பதிப்பு, ‘நல்லாத்தான் இருக்கு’, மச்சான் ஆலைக்குப் போனபின் மீட்டெடுக்கப்பட்ட மூலபாடம், விளக்குமாற்றுடன், இம்மூன்றுக்கும் முந்திய தூய பாடம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது, பார்வையிட முறுக்குக் கொண்டுபோக வேண்டும்).

தரை வாட்டம் பற்றி ஒரு குறிப்பு. ‘நாலடிக்கு அரை இஞ்சாவது வாட்டம் விடணும் அண்ணாச்சி’ என்றார் கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரியாக விட்டார். ஆனால் கதவுப் பக்கமாக விட்டுவிட்டார். தினமும் குளித்து முடித்ததும் ஒரு சிறு அலை நடைவரை வந்து போகிறது. கடற்கரை வடிவமைப்பில் இதுவரை எந்த நாட்டிலும் எட்டாத நேர்த்தி இது. போகிற தண்ணீர் ஓடையில் விழுந்து, ஓடை வைப்பாற்றில் சேர்ந்து, வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கோட்பாட்டளவில் மச்சான் குளித்த தண்ணீர் கடலுக்குப் போகிறது. நடைமுறையில் பக்கத்து வாழைக்கு.

ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற ஆலை விதி இங்கே மீறப்பட்டதாகத் தகவல் இல்லை.

முழுமை கருதி, மச்சானையும் பேட்டி கண்டேன். ஏன் நீலம் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: ‘சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பேசாம வந்துரும். பச்சைக்கு பேரியம் போட்டோம், 2018ல கோர்ட்டு வேண்டாம்னுருச்சு. இந்த புளூ இருக்கு பாரு, செம்புல எடுக்கணும். சூடு கொஞ்சம் கூடுனா வெளுத்துரும், குறைஞ்சா சரியாவே எரியாது. இருபத்தஞ்சு வருசமா பாக்கேன் மாப்ளே, மேல போயி நல்ல புளூ ரெண்டு செகண்டு நின்னா பெரிசு. டைல்ஸ் கடையில சுவர் பூரா நின்னுச்சு. அசையவே இல்ல. எடுத்துட்டேன்.’

இது தகவலாளியின் சொந்தக் கருத்து. மேற்கண்ட கொள்கைகள் எதனோடும் பொருந்தாததால் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பிற்சேர்க்கை. புதுமனை புகுவது போலப் புதுக்குளியலறையில் முதலில் குளித்தது மச்சான். அன்றைக்குப் பார்த்துக் கைகாலெல்லாம் அலுமினியப் பவுடர். நீலத் தரையில் வெள்ளித்தூள் ஓடியதைப் பார்த்து, நிலா வெளிச்சத்தில் கடல் மாதிரி இருந்தது என்றாள் அக்கா. அதையும் அவளே தேய்த்துக் கழுவினாள்.

ஆறு மாதம் கழித்து மறு கள ஆய்வுக்குப் போனேன். போர்த் தண்ணீர் உப்பு. இடுப்பளவு நீலம் முழுக்க வெள்ளை படர்ந்து, எது கடல், எது மணல் என்று பிரிக்க முடியாத நிலை. அக்கா ஆசிட் ஊற்றித் தேய்த்திருந்தாள். கறை அப்படியே இருக்க, டைல்ஸ் இடுக்கில் போட்ட வெள்ளை சிமெண்ட் மட்டும் கரைந்து போயிருந்தது. கடலரிப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அறைக்குள் கால் வைக்க இடமில்லை: குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாள் என்பதால் இரண்டு டிரம்மும் ஏழு குடமும். அத்தை கொல்லையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, சொம்பால் மோந்து குளித்துக்கொண்டிருந்தார்.