சென்னையின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார்? ‘ஆனா’ கோட்பாட்டின் வழியே ஒரு தரவரிசை

சென்னையின் விளையாட்டு வரலாற்றில் தலைசிறந்தவர் யார் என்னும் வினாவுக்கு ஆய்வுலகம் இதுவரை முறையான விடை எதையும் தரவில்லை. டீக்கடைகள் தினந்தோறும் தருகின்றன. ஆனால் அந்த விடை கடைக்குக் கடை வேறுபடுகிறது. ஒரே கடையிலும் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கிறது. இந்த அவலத்துக்கு முடிவு கட்டவே இக்கட்டுரை.

களப்பணிக்குத் தேர்ந்த இடம் தி.நகர் சோமசுந்தரம் மைதானமும் அதையொட்டிய டீக்கடை பெஞ்சுகளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும். ஒரு மேட்சின் ஸ்லிப்பில் நிற்பவர் இன்னொரு மேட்சின் லாங் ஆன் ஆளோடு தோள் உரசிக்கொண்டிருப்பார். மூன்றாவது மேட்சின் பேட்ஸ்மேன் அடித்த பந்து இருவருக்கும் நடுவே போகும். இருவரும் குனிய மாட்டார்கள், அது அவர்கள் பந்து இல்லை. எது யாருடைய பந்து என்பதில் இத்தனை தெளிவுள்ள ஊர், எவர் தம் வீரர் என்பதில் மட்டும் இத்தனை குழப்பத்தில் இருப்பது ஆய்வுக்குரியது.

முதல் சிக்கல் குடியுரிமை. விசுவநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில். ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில். இந்தியாவின் முதல் சதுரங்க இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் பிறந்தது பர்மாவில். ராபின் சிங்கோ டிரினிடாடில். பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தால் இந்த ஊர் பாதி வீரர்களை இழந்துவிடும். ஆகவே டீக்கடை மரபில் வழங்கும் சட்டத்தையே நாமும் ஏற்கிறோம்: ஜெயித்தால் ‘நம்ம பையன்’, தோற்றால் ‘அவர் மாயவரம் சார்.’

இந்தச் சட்டத்தில் ஓட்டை போடுபவர் மகேந்திர சிங் தோனி. 2008-இல் ராஞ்சியிலிருந்து வந்தார்; 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை ஐபிஎல் கோப்பையைக் கொண்டுவந்தார்; இப்போது இந்த ஊரில் அவருக்குப் பெயரே கிடையாது, ‘தல’ மட்டும்தான். தகவலாளிகளிடம் தரவரிசை கேட்டால் முதல் இரண்டு இடத்தையும் அவருக்கே தருகிறார்கள். முறையியல் காரணங்களை முன்னிட்டு அவரை ஆய்வின் எல்லைக்கு வெளியே வைக்கிறோம். அவரைச் சேர்த்தால் ஆய்வே தேவையில்லை என்பது ஒரு காரணம். சேர்த்துவிட்டு இரண்டாம் இடம் கொடுத்தால் ஆய்வாளர் அந்தப் பக்கம் நடமாட முடியாது என்பது இன்னொன்று.

அடுத்தது அளவுகோல். பதக்கம், பட்டம், ரன், விக்கெட் ஆகியவற்றால் வீரர்களை அளப்பது பிற ஊர்களின் வழக்கம். சென்னையில் அது செல்லாது என்பதற்கு 1999 ஜனவரி 31-ஆம் தேதியே சான்று. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 அடித்து அவுட்டாக, பின்னால் வந்தவர்கள் சீட்டுக்கட்டு போலச் சரிந்து, 12 ரன்னில் இந்தியா தோற்றது. ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. ‘சேப்பாக்கம் கிரவுடுன்னா சும்மாவா’ என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறோம். ஜெயித்த மேட்சுகளைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை.

ஏன்? வெற்றி பேச்சை முடித்துவிடுகிறது. ‘ஜெயிச்சுட்டான்’ என்றால் ‘ஆமாம்’ என்பதோடு சரி. அதற்கு மேல் டீ சொல்லக் காரணமில்லை. தோல்விக்கு, அதுவும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத தோல்விக்கு, ‘ஆனா’ உண்டு. ‘அன்னிக்கு மட்டும் அந்த பால விட்டிருந்தா…’ என்று தொடங்கினால் அரை நூற்றாண்டு தாங்கும். ஆகவே இக்கட்டுரை முன்வைக்கும் கோட்பாடு இதுதான்: ஒரு வீரரின் மகத்துவம் அவர் ஊருக்கு விட்டுச்சென்ற ‘ஆனா’வின் ஆயுளுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

இக்கோட்பாட்டை முதலில் டென்னிசில் சோதிப்போம், சென்னையின் ‘ஆனா’ அங்கேதான் செழித்திருக்கிறது. கிருஷ்ணன் 1960-இல் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். ஃப்ரேசர் அந்த ஆண்டு சாம்பியன். 1961-இல் மறுபடியும் அரையிறுதி. ராட் லேவரிடம் தோற்றார். லேவர் அந்த ஆண்டு சாம்பியன். 1973-இல் விஜய் அமிர்தராஜ் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்து செட் ஆடி, கடைசி செட்டை 5-7 என்று விட்டார். கோடெஷ்தான் அந்த ஆண்டு சாம்பியன். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1981 யு.எஸ். ஓபன் காலிறுதியில் மெக்கன்ரோவிடம் தோற்றார். கோப்பை யாருக்குப் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா? இத்தனை பேர் இத்தனை ஒழுங்காகச் சாம்பியனாகப் போகிறவரைப் பார்த்துத் தோற்றிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. பெஞ்சில் ஒரு பெரியவர் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “நம்ம ஆளு கண்டவன்கிட்ட தோக்க மாட்டான் தம்பி.”

1974 டேவிஸ் கோப்பை தனி வகை. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி இறுதிக்கே போய்விட்டது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே அங்கே போயிற்று. செய்தது சரி என்பதில் பெஞ்சில் இரண்டாவது கருத்தே இல்லை. ‘சரிதான் சார், ஆனா…’ என்று எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

சதுரங்கத்துக்கு வந்தால், குகேஷ் நிலை பரிதாபத்துக்குரியது. 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். பிற ஊராக இருந்தால் அத்தோடு முதலிடம். இங்கே ‘ஆனா’வுக்கு வழியில்லாமல் அடிமட்டத்தில் கிடந்திருப்பார். காப்பாற்றியவர் எதிராளி டிங் லிரன். கடைசி ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கையில் 55-ஆவது நகர்த்தலில் டிங் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்துக் கோட்டை விட்டார். (தமிழில் சதுரங்க வர்ணனை எழுதுகிறவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு இனி வாய்க்குமா என்பது சந்தேகம்.) “டிங் மட்டும் அத ஆடலைன்னா?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கணத்தில் குகேஷ் தரவரிசையில் ஏறத் தொடங்கினார்.

சதுரங்கம் விளையாட்டுதானா, உட்கார்ந்தே ஆடுகிறவரை வீரர் எனலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. கத்திரி வெயிலில் கரண்ட் இல்லாத சென்னை வீட்டில் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து காட்டச் சொன்னதும் அது திரும்பப் பெறப்பட்டது. தவிர, 2022 ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து, குதிரைக்கு வேட்டி கட்டி ‘தம்பி’ என்று பெயரும் வைத்த ஊரில் இந்தக் கேள்வி எடுபடாது.

ஆனந்துக்கு உயர்ந்த இடம் கிடைக்கிறது. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பல முறை உலக சாம்பியன் என்பதற்காக அல்ல. 2013 நவம்பரில் சொந்த ஊரில், சொந்தச் சாம்பார் கிடைக்கும் தூரத்தில், கார்ல்சனிடம் பட்டத்தை இழந்ததற்காக. “ஊர்லயே வச்சிருக்கக் கூடாது சார். பாஸ் கேட்டே சொந்தக்காரங்க பிராணன வாங்கியிருப்பாங்க” என்பது ஓய்வுபெற்ற ஒரு வங்கி அலுவலரின் கருத்து. இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. சென்னையில் ஒரு முறையாவது கல்யாண மண்டபம் பிடித்தவர்களுக்கு ஆதாரம் தேவையும் இல்லை.

தங்கப் பதக்கத்துக்கும் ‘ஆனா’ உண்டு என்பதை வி. பாஸ்கரன் மெய்ப்பித்தார். அவர் தலைமையில் 1980 மாஸ்கோவில் ஹாக்கி தங்கம். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றது இந்தியா. ‘பாதி நாடு வரலையே’ என்று ஒரு கட்சி. ‘வரலைன்னா அவன் தப்பு, நம்ம தப்பா?’ என்று மறு கட்சி. எழும்பூர் ஸ்டேடியம் பக்கம் போனால் இன்றும் கேட்கலாம்.

கிரிக்கெட்டில் வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட் எடுத்தார். அவரா பிரசன்னாவா என்ற சண்டை கர்நாடகத்தோடு அப்போதே தொடங்கியது. காவிரிக்கு நடுவர் மன்றம் வந்தது, இதற்கு வரவில்லை. அவரே பின்னர் 73 டெஸ்டுகளுக்கு நடுவராக நின்றார் என்பதால், ஊருக்கு ஊர் தீர்ப்புச் சொன்னவரின் சொந்த வழக்கு மட்டும் நிலுவையில் இருக்கிறது.

அஸ்வின் மேற்கு மாம்பலத்துத் தெரு கிரிக்கெட்டின் நேர் வாரிசு. டென்னிஸ் பந்தை விரலால் சொடக்குப் போட்டுத் தள்ளும் ‘சொடக்கு பால்’, ஒன் பிட்ச் கேட்ச், எதிர்வீட்டு மாமி பிடுங்கி வைத்துக்கொண்ட பந்து, அவுட்டானாலும் பேட்டைக் கொடுக்காமல் காஜி அடிக்கும் அண்ணன் என எல்லாம் கற்பிக்கும் பல்கலைக்கழகம் அது. அங்கே பந்து போடுமுன் கிரீஸை விட்டு ஓடினால் ஸ்டம்பைத் தட்டுவார்கள். யாரும் நியாய அநியாயம் பேச மாட்டார்கள். 2019-இல் ஐபிஎல்லில் பட்லரை அவர் அப்படித் தட்டியபோது உலகமே இரண்டாகப் பிரிந்தது, மாம்பலம் மட்டும் பிரியவில்லை. 537 விக்கெட்டோடு, 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தொடரின் பாதியில் திடீரென்று ஓய்வு பெற்றாரே, அந்த ‘ஏன்?’ ஒன்று போதும், இன்னும் முப்பது வருடத்துக்கு.

வடசென்னை தனி நாடு. அங்கே தரவரிசை கேரம் போர்டில் தொடங்குகிறது. போர்டுக்கு மேல் தாழத் தொங்கும் ஒற்றை பல்பு, அதில் பறக்கும் பவுடர், சுற்றி நின்று ஆடுகிறவனைவிட அதிகம் வியர்க்கும் நாலு பேர். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தவறியவனின் முகத்தைப் பார்த்தவர்கள் இக்கோட்பாட்டைப் படிக்க வேண்டியதில்லை. ஊரிலேயே மிகத் தூய ‘ஆனா’ அதுதான். இங்கிருந்து உலகை வென்றவர் மரிய இருதயம்: 1991, 1995 என இரண்டு உலகப் பட்டங்கள், 1996-இல் அர்ஜுனா விருது. அவருடைய ‘ஆனா’, ‘டிவில காட்டலையே சார்’ என்பதுதான். அது அவர் குறை அல்ல.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014 கிளாஸ்கோவில் காமன்வெல்த் வரலாற்றில் ஸ்குவாஷுக்கு இந்தியாவின் முதல் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வாங்கினார்கள். வைஷாலி தம்பி பிரக்ஞானந்தாவுக்குப் பின்னால் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்காவும் தம்பியுமாக இப்படி உலகில் முதல் ஜோடி. பெஞ்சில் இவர்கள் பேரை எடுத்தால் ‘ஆமாமா, நல்லா ஆடுவாங்க’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை என்பதே காரணம். இங்கே பிழை கோட்பாட்டில் இல்லை, பெஞ்சில்.

இனி முதலிடம். அதற்கு எம். ஜே. கோபாலனே உரியவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்த ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டத்தில், ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர். 1935-இல் தியான்சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார். 1936-இல் இரண்டு கப்பல்: ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்கு, இன்னொன்று விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆடவைக்கவில்லை. பெர்லினில் இந்தியா இறுதியில் ஜெர்மனியை 8-1 என்று புரட்டி எடுத்துத் தங்கம் வாங்கியது.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகின்றன. அன்று பிறக்காதவர்கள், அவர்களுடைய அப்பாக்களே பிறக்காதவர்கள், “ஹாக்கிக்குப் போயிருக்கணும் சார்” என்று டம்ளரைத் தட்டி வைக்கிறார்கள். ஏறாத கப்பலால் இத்தனை காலம் பேசப்பட்ட வேறொரு வீரர் இந்த ஊரில் இல்லை. முடிவை அறிவித்துக் குறிப்பேட்டை மூடும் நேரத்தில் வங்கி அலுவலர் கையைத் தூக்கினார்.

“அதே மொத ரஞ்சி மேட்ச்ல ராம் சிங் எத்தன விக்கெட் சார்?”

பதினொன்று; 35 ரன்னுக்கு. மேட்ச் ஒரே நாளில் முடிந்தது. அமிர்தசரஸ் கோவிந்த் சிங் ராம் சிங், பெயரின் முதலெழுத்தில் பஞ்சாபைச் சுமந்துகொண்டு மதராஸில் பிறந்த சர்தார். மகன் கிருபால் சிங் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார் (ஆம், இந்த ஊரில் மில்கா சிங் என்றால் ஓட்டக்காரர் அல்ல). அப்பாவுக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை.

“கோபாலனாவது தானே போய் ஏமாந்தாரு. இவர யாருமே கூப்பிடலையே. உங்க கணக்குப்படி இவருதானே ஃபர்ஸ்ட்டு?”

கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் ரஞ்சியின் முதல் பந்தும் கப்பலும் இந்தப் பக்கம் இருக்கின்றன. இருவரையும் முதலிடத்தில் சமமாக வைப்பதைத் தவிர வழியில்லை. டை. சேப்பாக்கத்தில் டை புதிதும் அல்ல: 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட், இலக்கு 348, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, ஸ்கோர் சமம், மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 நாட் அவுட், மணிந்தர் சிங்கின் காலில் பந்து படுகிறது, நடுவர் விரலைத் தூக்குகிறார்.

“பேட்ல பட்டுச்சு சார்,” என்றார் பெரியவர்.

“படல,” என்றார் வங்கி அலுவலர்.

கடைக்காரர் கேட்காமலே மூன்று டீ போடத் தொடங்கினார்.