சுழி பார்க்கும் அமெரிக்கர்கள்

காங்கேயம் காளை வாங்குவதென்றால் சும்மா இல்லை. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரை மாசம் மாரியம்மன் நோம்பியோடு மாட்டுச் சந்தையும் கூடும். அங்கே ஒவ்வொரு காளைக்கும் ஒரு முழு இன்டர்வியூ நடக்கும். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள். கொம்பு, திமில், குளம்பு, வால் என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் பாஸ் செய்த பிறகுதான் மெயின் பரீட்சை. அதுதான் சுழி, அதாவது மயிர் சுழித்துக் கிடக்கும் இடம்.

கோபுரச் சுழி இருந்தால் குடும்பம் கோபுரம் போல உயரும். பாடைச் சுழி இருந்தால் வாங்கியவருக்கு என்ன ஆகும் என்று பேரே சொல்லிவிடுகிறது. பூரான் மாதிரி ஓடும் சுழி மேல்நோக்கி இருந்தால் ஏறுபூரான், யோகம். அதே பூரான் கீழ்நோக்கி இருந்தால் இறங்குபூரான், நாசம். பூரானுக்குத் தலை எது, வால் எது என்று யார் முடிவு செய்வது? விற்கிறவர் பார்த்தால் ஏறும். வாங்குகிறவர் பார்த்தால் இறங்கும். வண்டியை இழுக்கப் போவது சுழியா, தோளா என்ற கேள்வியைச் சந்தையில் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு "நம்ம சனம் இன்னும் திருந்தலீங்" என்று சலித்துக்கொள்ளத் தோன்றுகிறதா? ஒரு நிமிஷம் பொறுங்கள். அமெரிக்காவில் கோட்டு சூட்டு போட்டு, ஸ்டாப்வாட்ச் பிடித்து, டிவியில் லைவ் கொடுத்து இதையே செய்கிறார்கள். அங்கே நிற்பது காளை இல்லை, காலேஜ் முடித்த பையன்கள்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'அஃபென்சிவ் லைன்' என்று ஐந்து பேர் உண்டு. ஆளுக்கு நூற்று நாற்பது கிலோ. பேர்தான் ஃபுட்பால், இவர்கள் பந்தை உதைப்பதில்லை. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளிவிடுவதோடு சரி, மற்ற நால்வருக்கு அந்த பாக்கியமும் இல்லை. குவார்ட்டர்பேக் என்ற அழகான பையன் பந்தை வீசி முடிக்கும்வரை அவன் மேல் யாரும் விழாமல் தடுப்பதுதான் வேலை. ஒழுங்காகச் செய்தால் பேர் வெளியே வராது. தப்புச் செய்தால் மட்டும் மைக்கில் நம்பரைச் சொல்லித் திட்டு விழும். கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும் கிட்டத்தட்ட இதே சர்வீஸ் ரூல்தான்.

காலேஜ் பையன்களை டீம்களுக்குப் பங்கு போடும் 'டிராஃப்ட்' 1936-ல் ஆரம்பித்தது. ஐடியா கொடுத்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஓனர் பெர்ட் பெல். கடைசி இடம் பிடித்த டீமுக்கு முதல் சாய்ஸ் தர வேண்டும் என்றார். என்ன தாராள மனசு! முதல் டிராஃப்ட் நடந்தபோது கடைசி இடத்தில் இருந்தது யாருடைய டீம் என்று பார்த்தால், அட, அவருடையதேதான்.

அப்போது ஆட்டக்காரர்களை நேரில் போய்ப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட் கிடையாது, வீடியோ கிடையாது. பேப்பரில் படித்த பேர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எடுத்துக்கொண்டார்கள். வரலாற்றின் முதல் தேர்வு ஜே பெர்வாங்கர். அவரைத் தேர்ந்தெடுத்த பெல், சம்பளம் கட்டுப்படியாகாமல் சிகாகோ டீமுக்குக் கைமாற்றிவிட்டார். அவர்களோடும் பெர்வாங்கருக்கு ரேட் ஒத்துவரவில்லை. கடைசியில் அந்த மனுஷன் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார்.

சரி, அறிவியலைக் கூப்பிடுவோம் என்று 1960-களில் டல்லாஸ் கௌபாய்ஸ் டீம் கம்ப்யூட்டரைத் தேடிப் போனது. புரோகிராம் எழுதியவர் சலாம் குரைஷி. நம்ம நாட்டுக்காரர், அலிகாரில் படித்த புள்ளியியல் நிபுணர். அவருக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். ஃபுட்பாலில் ஆனா ஆவன்னா தெரியாது. கூப்பிட்டவர்களுக்கோ கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா தெரியாது. இப்படி அமைந்த ஜோடிகள்தான் சரித்திரத்தில் நன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

குரைஷிக்கு வந்த முதல் தலைவலி எண்கள் இல்லை, வர்ணனைகள். ஒரு ஸ்கவுட்டுக்கு 'சுமார்' என்பது இன்னொருவருக்கு 'பிரமாதம்'. எல்லாரும் ஒரே அளவுகோலில் எழுதும்படி கேள்விகளைத் திருத்தித் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, அவருக்குக் கோயம்புத்தூர் ஸ்கவுட் யாரும் கிடைக்கவில்லை. உலகத்திலேயே பெரிய பலசாலியைப் பார்த்துவிட்டும் நம்ம ஆள் "பரவால்லீங்" என்றுதான் எழுதியிருப்பார். கம்ப்யூட்டர் அங்கேயே படுத்திருக்கும்.

இப்போது இந்தச் சந்தைக்குக் 'கம்பைன்' என்று பேர். 1987-லிருந்து இண்டியானாபொலிஸில் நடக்கிறது. பையன்களை அரை டிரவுசரோடு நிறுத்தி, உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் என்று இஞ்சுக்குள் பின்னம் வரை அளப்பார்கள். லைன் ஆட்களுக்குப் பின்பக்கம் திரட்சியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிரிக்காதீர்கள், அது அந்தத் தொழிலில் சீரியஸான பாயின்ட். 102 கிலோ இரும்பை மல்லாந்து படுத்து எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். பிறகு நாற்பது கெஜம் ஓடச் சொல்வார்கள். ஒரு லைன்மேன் ஆட்டத்தில் நாற்பது கெஜம் நேராக ஓடுகிறான் என்றால், எங்கேயோ பெரிய அசம்பாவிதம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

'வொண்டர்லிக்' என்று ஒரு மூளைப் பரீட்சையும் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது கேள்வி. இதில் மானத்தைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் இந்தக் குண்டுப் பையன்கள்தான். 2022-ல் அந்தப் பரீட்சையையே தூக்கிவிட்டார்கள். ஒரு சுழி போச்சு.

இனி நம் கதாநாயகர். டோனி மாண்டரிச், மிச்சிகன் ஸ்டேட், 1989. எடை 140 கிலோ பக்கம். அந்த 102 கிலோ இரும்பை 39 தடவை தூக்கினார். நாற்பது கெஜத்தை 4.65 செகண்டில் ஓடினார் என்று கணக்கு. இந்த எடைக்கு இந்த வேகம் லாரிக்கு புல்லட் எஞ்சின் வைத்து அது ஓடியும் காட்டினதுக்குச் சமம். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அவரைச் சட்டையில்லாமல் அட்டையில் போட்டு, லைன் ஆட்களில் இதுவரை வந்ததிலேயே பெஸ்ட் என்று எழுதியது. ராஜசுழி, கோபுரச் சுழி, ஏறுபூரான் எல்லாம் ஒரே உடம்பில்!

மனுஷனும் சளைக்கவில்லை. சம்பளப் பேரத்தை இழுத்தடித்துக்கொண்டே, மைக் டைசனோடு குத்துச்சண்டை போடப் போவதாகவும் பேச்சு விட்டுக்கொண்டிருந்தார். டைசன் அப்போது உலக ஹெவிவெயிட் சாம்பியன்.

அந்த வருஷம் முதல் தேர்வு டிராய் எய்க்மன். இரண்டாவது, கிரீன் பே டீம் எடுத்த மாண்டரிச். மூன்றாவது பேரி சாண்டர்ஸ், நான்காவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டியான் சாண்டர்ஸ். முதல் ஐந்தில் நான்கு பேர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற ஜாம்பவான்கள் பட்டியலில் உட்கார்ந்தார்கள். கிரீன் பே மிகக் கவனமாக, அளந்து, எடைபோட்டு, மீதி இருந்த அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டது.

நுகத்தில் பூட்டினால் காளை நகரவில்லை. முதல் வருஷம் பெரும்பாலும் ஓரமாகவே போனது. 1992-ல் அதே பத்திரிகை அதே ஆளை மறுபடி அட்டையில் போட்டது, இந்தத் தடவை மகா ஏமாற்றம் என்று. போன தடவை ஆரத்தி எடுத்த கை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காலேஜ் காலத்தில் ஸ்டீராய்டு போட்டதை 2008-ல் மாண்டரிச்சே ஒப்புக்கொண்டார். இதிலும் ஒரு அழகு உண்டு. தன்னைப் பிடித்திருந்த குடியையும் வலி மாத்திரையையும் விட்டுவிட்டு 1996-ல் இண்டியானாபொலிஸ் டீமுக்குத் திரும்பி வந்து, மூன்று சீசன் சத்தமில்லாமல் ஆடினார். அதிசயப் பிறவியாக இருந்தபோது வராத ஆட்டம், சாதாரண மனுஷனானதும் வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம்ம தரகர்களின் நாகரிகத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். அவர்கள் துண்டுக்கு அடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். யார் எவ்வளவுக்கு ஏமாந்தார் என்பது இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். கிரீன் பேயிடம் அன்று ஒரு துண்டு இருந்திருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. ரேஃபீல்ட் ரைட்டை 1967-ல் ஏழாவது சுற்றில்தான் எடுத்தார்கள். கூடைப்பந்துக்காரர் வேறு. ஹால் ஆஃப் ஃபேம் போனார். ஆர்லாண்டோ பிரவுன் 2018 கம்பைனில் இரும்பை வெறும் 14 தடவை தூக்கி ஊர் சிரிக்க வைத்தார். மூன்றாவது சுற்றுவரை காத்திருந்தவர், 2023 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தார். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பிக்காரர், அதுவரை இந்த ஆட்டத்தில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர். 233-வது ஆளாக எடுத்தார்கள். இன்று லீகின் முன்னணி லைன்மேன்களில் ஒருவர். லாரமி டன்சிலுக்கு அளவெல்லாம் கச்சிதம். ஆனால் 2016-ல் டிராஃப்ட் தொடங்கச் சில நிமிஷம் இருக்கும்போது, முகமூடி மாட்டிக் கஞ்சாப் புகை இழுக்கும் வீடியோ அவருடைய ட்விட்டர் கணக்கிலேயே வெளிவந்தது. விலை சடசடவென்று சரிந்தது. அந்தச் சுழி எந்த டேப்பிலும் அகப்படாத சுழி.

"வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் வேணுமுங்" என்று சிரிக்கிறீர்களா? நம்ம கபடி டீம் தமிழ் தலைவாஸ் பக்கம் கொஞ்சம் திரும்புங்கள். 2022 புரோ கபடி ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தார்கள். அதுவரை அந்த லீகில் யாருக்கும் கிடைக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் முழுக்க அவர் வெளியே. அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், பேர் தெரியாத புதுப்பையன் நரேந்தர் புகுந்து ரெய்டு ரெய்டாக அள்ள, தலைவாஸ் வரலாற்றிலேயே முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது.

அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனுக்கு 2.605 கோடி கொடுத்தது. 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, கடைசி இடம். பவன் நல்ல ஆட்டக்காரர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏலம் கேட்டவர்களின் ராசியைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவையும் பார்த்த தலைவாஸ் நிர்வாகம் நன்றாக யோசித்து, 2025 ஏலத்தில் ஒரு முடிவெடுத்தது. பவனையே மறுபடியும் வாங்கியது. இந்தத் தடவை கோடிக்குக் குறைந்த விலைதானுங்க.